பழைய ராணுவ கில்ட் வாங்குவது எப்படி? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஸ்காட்லாந்து ரெஜிமென்ட்டுகளும் (படைப்பிரிவுகளும்) கனடாவில் அவற்றின் கிளைகள்போல் இருக்கும் ரெஜிமென்ட்டுகளும் கழித்துவிடும் கில்ட்டுகளை, அதாவது இடுப்பைச் சுற்றி மடிப்பு வைத்து உடுத்தும் ஸ்காட்லாந்துக் கம்பளிப் பாவாடைகளைப் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒருவரின் கடிதம் மட்டும் இடம்பெறுகிறது.

மகன் பேக்பைப் குழுவில் சேர்ந்திருக்கிறான். புதுக் கில்ட் விலையைக் கேட்டால் மலைப்பாக இருக்கிறது. ராணுவ உபரியில் மலிவாகக் கிடைக்கும் என்கிறார்கள். எங்கே தேடுவது, எதைத் தேடுவது?
(வாசகி, ஸ்கார்பரோ)

கடைக்குப் போகும் முன் குழுத் தலைவரிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: குழு உடுத்துவது எந்த டார்ட்டன் (கில்ட்டுக்கான கட்டம்போட்ட துணி)? கட்டம் மாறினால் எவ்வளவு நல்ல கில்ட்டும் உங்கள் மகனுக்குப் பயன்படாது. பல குழுக்களின் அலமாரியிலேயே பழைய கில்ட்டுகள் கிடக்கும். அதையும் அப்போதே விசாரியுங்கள். டார்ட்டனை மாற்றிக்கொள்ளும் குழுக்கள் பழையதை மொத்தமாக விற்பதும் உண்டு. கடையில் வாங்குவதைவிட அது நல்ல வழி, ஏனென்றால் ஒரே நாளில் பத்து அளவுகளைப் போட்டுப் பார்க்க முடியும்.

சந்தையில் அதிகம் புழங்குவது கரும்பச்சையும் கருநீலமும் கலந்த அரசு டார்ட்டன்தான். பிளாக் வாட்ச் ரெஜிமென்ட் உடுத்தியது அதன் அடர்ந்த சாயல். ஆர்கைல் அண்ட் சதர்லேண்ட் ஹைலேண்டர்ஸ் உடுத்தியது அதே கட்டம், வெளிர் சாயல். 2006 மார்ச்சில் ஸ்காட்லாந்துக் காலாட்படைகளை இணைத்து ராயல் ரெஜிமென்ட் ஆஃப் ஸ்காட்லாந்து உருவானபோது அந்த வெளிர் சாயலே எல்லோருக்கும் பொதுவானது. அரசு டார்ட்டனில் மஞ்சள் கோடு ஓடினால் கார்டன் ஹைலேண்டர்ஸ். வெள்ளையும் சிவப்பும் ஓடினால் மெக்கன்சி, அதாவது சீஃபோர்த் ஹைலேண்டர்ஸ். கேமரன் ஹைலேண்டர்ஸ் உடுத்திய 'கேமரன் ஆஃப் எராக்ட்' மட்டும் இந்த வரிசையில் சேராது. அதில் சிவப்புக் கோடுகள் தூக்கலாகத் தெரியும்.

கனடாவில் டொரன்டோவின் 48ஆம் ஹைலேண்டர்ஸ் டேவிட்சன் டார்ட்டன் உடுத்துகிறார்கள். கால்கரி ஹைலேண்டர்ஸ் உடுத்துவது ஆர்கைல் சாயல், நோவா ஸ்கோஷியா ஹைலேண்டர்ஸ் உடுத்துவது மரே ஆஃப் ஆதல். டொரன்டோ ஸ்காட்டிஷ் ரெஜிமென்ட்டின் கில்ட்டில் கட்டமே கிடையாது, 'ஹாடன் கிரே' என்ற ஒரே நிறத் துணி. பழைய கடைகளில் இதைச் சாயம் போன கில்ட் என்று நினைத்து மலிவாகத் தள்ளிவிடுவார்கள். தெரிந்தவருக்கு லாபம்.

இணைய ஏலத்தில் தேடும்போது 'கில்ட்' என்ற சொல்லோடு நிற்காதீர்கள். 'கம்பளி டார்ட்டன் பாவாடை' என்ற பொருளில் தலைப்பிட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள். ரெஜிமென்ட் பெயர், டார்ட்டன் பெயர், 'ஆர்மி இஷ்யூ' (படை வழங்கியது) என எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். பிரிட்டிஷ் உபரிக் கடைகளில் 'சூப்பர் கிரேடு' என்றால் ஏறக்குறைய புதுசு, 'கிரேடு 1' என்றால் உடுத்திய நல்ல துணி, 'கிரேடு 2' என்றால் எங்கோ ஒரு குறை இருக்கிறது. ஆனால் தரம் பிரிப்பது கடைக்காரர்தான், அதற்குப் பொது விதி எதுவும் இல்லை. கிரேடு 2 என்றால் என்ன குறை, எந்த இடத்தில் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உள்மடிப்பில் ஒரு கறை என்றால் தாராளமாக வாங்கலாம்.

நான் 34 அங்குல ஜீன்ஸ் போடுகிறேன். ஏலத்தில் 'இடுப்பு 34' என்று ஒரு கார்டன் கில்ட் வந்திருக்கிறது. வாங்கலாமா?
(வாசகர், ஹாரோ, லண்டன்)

அந்த எண்ணை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். ஜீன்ஸ் இடுப்பு எலும்புக்குக் கீழே நிற்கிறது. கில்ட் தொப்புள் மட்டத்தில் நிற்கிறது, ராணுவ கில்ட் அதற்கும் மேலே, கடைசி விலா எலும்பை ஒட்டி நிற்கிறது. ஜீன்ஸில் 34 என்பவருக்குத் தொப்புள் மட்டத்தில் 36, 37 வருவது சாதாரணம். உள்ளே தைத்திருக்கும் லேபிளும் உதவாது. அது தைத்த நாளின் அளவு. அதற்குப் பிறகு எத்தனை சிப்பாய்களுக்காக பக்கிளை நகர்த்தித் தைத்தார்களோ!

விற்பவரிடம் நான்கு அளவு கேளுங்கள். கில்ட்டை உடுத்தும்போது பூட்டுவதுபோல் தோல்வார்களை நடுத்துளையில் பூட்டி, முன்மடல் (மடிப்பில்லாத முன்பக்கத் துணி) மேலே தெரிய மேசையில் பரப்பச் சொல்லுங்கள். வார் இருக்கும் மட்டத்தில் இடமிருந்து வலமாக அளந்து இரண்டால் பெருக்கினால் இடுப்பளவு. பின்பக்க மடிப்புகளைச் சேர்த்துத் தைத்த பகுதி எங்கே முடிகிறதோ அந்த மட்டத்தில் அதேபோல் அளந்தால் புட்டத்தின் அளவு. மூன்றாவது, மேல் விளிம்பிலிருந்து அந்தத் தையல் முடியும் இடம்வரை உள்ள நீளம். நான்காவது, மேலிருந்து கீழ்க்கரை வரை முழு நீளம்.

மூன்றாவது அளவை யாரும் கேட்பதில்லை, பெரும்பாலான ஏமாற்றம் அங்கேதான் நடக்கிறது. தைத்த பகுதி புட்டத்தின் அகன்ற இடத்தில் முடிய வேண்டும். அதைத் தாண்டிக் கீழே போனால் துணி பின்னால் இறுக்கிப் பிடித்து, அதற்குக் கீழே மடிப்புகள் குடைபோல் விரியும். அகன்ற இடத்துக்கு மேலேயே நின்றுவிட்டால் மடிப்புகள் வாய் பிளந்து நிற்கும். இடுப்பு கச்சிதமாகப் பொருந்தினாலும் இந்தக் கோளாறு போகாது.

உங்களை நீங்கள் அளக்கும்போது தொப்புளுக்கு 2 அங்குலம் மேலே தொடங்கி முழங்கால் சில்லின் நடுவரை அளந்துகொள்ளுங்கள். 5 அடி 8 அங்குல உயரமுள்ளவருக்கு சிவிலியன் கில்ட் சுமார் 24 அங்குலம் என்றால், ராணுவ கில்ட் 25, 26 வரும். '26 அங்குலமா, ஆறடி ஆளுக்குத்தான்' என்று ஒதுக்கிவிட வேண்டாம். உடுத்திய பிறகு மண்டியிட்டு நிமிர்ந்தால் கீழ்க்கரை தரையைத் தொடாமல் ஓர் அங்குலம் மேலே நிற்க வேண்டும்.

அசல் ராணுவ கில்ட் என்று போலியைத் தலையில் கட்டிவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். படத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா?
(வாசகர், கிளாஸ்கோ)

முக்கால்வாசி முடியும். மலிவான கில்ட்டுகள் பெரும்பாலும் பாகிஸ்தானின் சியால்கோட்டில் தைக்கப்படுபவை. அவற்றைப் போலி என்று திட்ட வேண்டியதில்லை. அக்ரிலிக் (செயற்கை இழை) கில்ட் என்று சொல்லி விற்றால் அது நேர்மையான வியாபாரம். ராணுவ இஷ்யூ என்று சொல்லி விற்பதுதான் தப்பு.

பின்பக்கப் படத்தைப் பாருங்கள். சிவிலியன் கில்ட்டில் முன்பக்கக் கட்டம் பின்னாலும் தொடர்வதுபோல் கொசுவம் வைப்பார்கள். ராணுவத்தில் பொதுவாக ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் ஒரே கோடு வருமாறு வைப்பார்கள். கார்டன் கில்ட்டைப் பின்னாலிருந்து பார்த்தால் ஒவ்வொரு மடிப்பிலும் அந்த மஞ்சள் கோடு இறங்கும், முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் இருக்கும். கார்டனும் கேமரனும் ஒரே பக்கம் சாயும் கத்தி மடிப்பு. பிளாக் வாட்ச், சீஃபோர்த், ஆர்கைல் மூன்றும் இரண்டு பக்கமும் உள்ளே மடியும் பெட்டி மடிப்பு. கத்தி மடிப்பு வைத்து, கட்டம் பின்னாலும் தொடரும் 'பிளாக் வாட்ச் இஷ்யூ' கில்ட்டை யாராவது காட்டினால், அது பிளாக் வாட்ச் டார்ட்டனில் தைத்த சிவிலியன் கில்ட்.

அடுத்தது கீழ் ஓரம். அசலில் அது நெசவின் கரை, மடித்துத் தைத்த ஓரம் இருக்காது. உள்லைனிங் முரட்டுப் பருத்தி. அதில் அச்சு முத்திரையோ துணி லேபிளோ, சில நேரம் சிப்பாயின் எண்ணோ இருக்கும். பழைய பிரிட்டிஷ் முத்திரையில் அகன்ற அம்புக்குறி. கனடாவுடையதில் அதே அம்பு 'சி' எழுத்துக்குள் இருக்கும். பிற்கால லேபிளில் நேட்டோ சரக்கு எண் 8405 என்று தொடங்கும், அடுத்து 99 வந்தால் பிரிட்டன், 21 வந்தால் கனடா. முத்திரையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், குறிப்பாக முதல் உலகப் போர்க் காலத்து ஆண்டு தெளிவாகப் பளிச்சிட்டால் சந்தேகப்படுங்கள். நூறு வருட முத்திரை அப்படிப் பளிச்சிடாது.

படத்தில் தெரியாத ஒரு சோதனை, எடை. ராணுவத் துணி இரட்டை அகலத்தில் கெஜத்துக்கு 18 முதல் 22 அவுன்ஸ் வரும். சிவிலியன் கனத் துணியே 16 அவுன்ஸ்தான். எட்டு கெஜ ராணுவ கில்ட் (இரட்டை அகலத் துணியில் நான்கு கெஜம், நீளவாக்கில் இரண்டாக வெட்டியது) 2 கிலோவைத் தொடும், தாண்டவும் செய்யும். சமையலறைத் தராசில் வைத்து எடை சொல்லச் சொல்லுங்கள். ஒரு கிலோ என்று பதில் வந்தால் விட்டுவிடுங்கள். கைக்கு வந்த பிறகும் சந்தேகம் தீரவில்லை என்றால் உள்மடிப்பின் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். கம்பளி முடி கருகும் நாற்றத்தோடு பொரிந்து, விரலில் தேய்த்தால் பொடியாகும். அக்ரிலிக் உருகி, ஆறியதும் கல்போல் ஒரு குமிழ் நிற்கும்.

வாங்கிய கில்ட்டில் நான்கைந்து சிறு ஓட்டைகள். பூச்சி இன்னும் உள்ளே இருக்குமா? அடைக்க முடியுமா?
(வாசகி, மிசிசாகா)

இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள். வீட்டில் மற்ற கம்பளித் துணிகள் இருக்கும் அலமாரிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். கெட்டியான பாலித்தீன் பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை ஒட்டி, −18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைத் திறக்க வேண்டாம். அறைச் சூடு வந்த பிறகு திறந்தால் ஈரம் பையின் வெளிப்பக்கம் கோக்கும், துணியில் கோக்காது. பிறகு ஒவ்வொரு மடிப்பையும் விரித்து, வெயில் வெளிச்சத்தில் பிரஷ் போட்டுத் துடையுங்கள். அந்துப்பூச்சியின் புழு இருட்டையும் வியர்வைக் கறையையும் தேடிப் போகும். அதனால் ஆழமான மடிப்பின் உட்புறம், லேபிளுக்கு அடியில், தோல்வார் தைத்த இடம் மூன்றையும் விட்டுவிடாதீர்கள். மணல்போல் துகளும், வெள்ளை நூலாம்படையும் இருந்தால் அங்கே குடியிருந்திருக்கிறது.

ஓட்டை எங்கே என்பதைப் பொறுத்துத்தான் வேலை. மடிப்பின் உள்ளே இருந்தால் விளிம்பு பிரியாமல் நாலு தையல் போட்டு விட்டுவிடலாம், யார் பார்க்கப் போகிறார்கள்! முன்மடலில் இருந்தால் இழையோட்டித்தான் அடைக்க வேண்டும். அதற்கான நூல் கில்ட்டுக்குள்ளேயே இருக்கிறது. கில்ட்டில் துணி படுக்கைவாக்கில் சுற்றி வருவதால் பாவு இழை இடுப்பைச் சுற்றி ஓடுகிறது, ஊடு இழை மேலிருந்து கீழே இறங்குகிறது. லைனிங்கின் மேல் தையலை இரண்டு அங்குலம் பிரித்தால் துணியின் வெட்டு ஓரம் தெரியும். அங்கே படுக்கை இழைகளை உருவலாம். உள்மடலின் (முன்மடலுக்கு அடியில் போகும் மடலின்) செங்குத்து ஓரத்தை மடித்துத் தைத்திருக்கும் இடத்தில் நிற்கும் இழைகள் கிடைக்கும். அதே சாயம், அதே வயது, அதே வெளிறல். கடையில் வாங்கும் எந்த நூலும் இப்படி ஒத்துப்போகாது.

மெல்லிய, முனை மழுங்கிய ஊசி எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஓட்டைக்கு இரண்டு பக்கமும் கால் அங்குலம் நல்ல துணிக்குள் போய்த் திரும்புமாறு ஒரு திசை இழைகளை நிரப்புங்கள். குறுக்கு இழை போடும்போது இரண்டின் மேல், இரண்டின் அடியில் என்று போய், அடுத்த வரிசையில் ஓர் இழை தள்ளித் தொடங்குங்கள். டார்ட்டனின் சாய்வு நெசவு அப்படித்தான் உருவாகிறது. ஒன்று மேல் ஒன்று கீழ் என்று சாதாரணமாகப் பின்னினால் அந்த இடம் மட்டும் பாய்போல் தட்டையாகத் தெரியும். நூலை இழுத்து இறுக்காதீர்கள், சுருக்கம் விழும்.

மிளகளவு ஓட்டைக்கு இந்த வேலை சரி. முன்மடலில் அரை அங்குலத்துக்கு மேல் போன ஓட்டை இருந்தால் அதை வாங்காமல் இருப்பதே நல்லது.

இடுப்பு ஒன்றரை அங்குலம் பற்றவில்லை, நீளமோ ஓர் அங்குலம் அதிகம். கீழே மடித்துத் தைத்துவிட்டால் என்ன?
(வாசகர், எடின்பரோ)

கீழே கை வைக்கவே கூடாது. கனத்த துணியை மடித்தால் ஒவ்வொரு மடிப்பிலும் மூன்று நான்கு அடுக்கு கூடி, கீழ்ப்பக்கம் விறைத்து நிற்கும். கரையும் போய்விடும்.

ஆனால் உங்கள் இரண்டு குறையும் ஒன்றையொன்று தீர்க்கும். தைத்த பகுதி இடுப்பில் குறுகி, கீழே போகப்போக அகலும். மேலிருந்து ஓர் அங்குலம் வெட்டினால் புது மேல் விளிம்பு கொஞ்சம் அகலமான இடத்தில் விழும், இடுப்பு தானாகக் கூடும். மிச்சக் குறைக்கு வார்களை நீளமானவையாக மாற்றினால் போதும். இதில் உள்ளே இருக்கும் கான்வாஸ், மேல்பட்டை, வார், லைனிங் எல்லாவற்றையும் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டும். கில்ட் தைப்பவரிடம் கொடுங்கள், சாதாரணத் தையல்காரரிடம் வேண்டாம். மடிப்புகளின் உட்புறத் துணியை மேல்பகுதியில் கனம் குறைப்பதற்காக வெட்டி எடுத்திருக்கலாம். தெரியாதவர் பிரித்தால் திரும்பச் சேர்க்க முடியாது.

இடுப்பு பெரிதாக இருப்பவர்களுக்கு பக்கிளை 2 அங்குலம்வரை பின்னால் நகர்த்தலாம். அதற்கு மேல் போனால் முன்மடல் ஒரு பக்கமாகத் திரும்பி, கட்டத்தின் நடுக்கோடு வயிற்றின் நடுவில் நிற்காது. முழுதும் பிரித்துப் புதிதாக மடிப்பு வைப்பது நடக்கக்கூடியதுதான், எட்டு கெஜத் துணி கையில் இருக்கிறதே. ஆனால் அது புதுக் கில்ட் தைப்பதற்குச் சமமான வேலை. கூலியைக் கேட்ட பிறகு, உபரியில் வாங்கியதன் லாபம் எங்கே என்று தோன்றும். கையால் தைத்த புது எட்டு கெஜக் கில்ட்டே 400 பவுண்டைத் தாண்டும். பழையதற்குக் கொடுத்த விலையும் திருத்தக் கூலியும் சேர்ந்து அதை நெருங்கினால் இன்னொரு கில்ட்டைத் தேடுங்கள்.

கிடங்கு வாடை போகவே இல்லை. துவைக்கலாமா?
(வாசகி, லெஸ்டர்)

முதலில் நிழலில் காற்றோட்டமாக ஒரு வாரம் தொங்கவிடுங்கள், பாதி போய்விடும். துவைத்தே ஆக வேண்டும் என்றால், தண்ணீரில் நனைக்கும் முன் எல்லா மடிப்புகளையும் மேல், நடு, கீழ் என்று மூன்று வரிசையில் வெள்ளைப் பருத்தி நூலால் பெருந்தையல் போட்டுப் பிடித்துவிடுங்கள். இதைச் சோம்பல்பட்டு விட்டால் முப்பது மடிப்பையும் இஸ்திரிப் பெட்டியோடு தேடி உட்கார வேண்டும். கலர் நூல் வேண்டாம், சாயம் இறங்கும். தோல்வார்களைப் பிரித்துவிட முடிந்தால் பிரியுங்கள், கறுப்புத் தோல் லைனிங்கைக் கறையாக்கும்.

குளியல் தொட்டியில் 30 டிகிரிக்கு மேற்படாத தண்ணீர், கம்பளிக்கான சோப்பு, அரை மணி ஊறல், கையால் அழுத்திவிடுவது மட்டும். அலசும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்கட்டும், சூடு மாறினால் கம்பளி சுருங்கும். முறுக்கிப் பிழியாதீர்கள். பெரிய துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுங்கள். நனைந்த கில்ட்டின் எடை பல மடங்காகும், இரண்டு கிளிப்பில் தொங்கவிட்டால் இடுப்புப் பட்டை இழுபடும். மேல்பட்டை நெடுகக் கிளிப் போடுங்கள். லேசான ஈரம் இருக்கும்போதே மேலே ஈரத்துணி போட்டு இஸ்திரி போட்டு, அதற்குப் பிறகு பெருந்தையலைப் பிரியுங்கள். ட்ரை கிளீனிங் கொடுத்தாலும் பெருந்தையல் போட்டே கொடுங்கள்.

ராணுவத்தில் இல்லாதவன் ராணுவ கில்ட் உடுத்தினால் சட்டப்படி தவறா?
(வாசகர், பிராம்டன்)

கில்ட்டையும் சாதாரணச் சட்டையையும் போட்டுக்கொண்டு போவதில் பிரச்சினை இல்லை. பிரிட்டனின் 1894 சீருடைச் சட்டமும் கனடாக் குற்றவியல் சட்டத்தின் 419ஆம் பிரிவும் தடுப்பது, அனுமதியில்லாமல் படைச் சீருடை அணிவதை. ஆகவே ரெஜிமென்ட் தொப்பிச் சின்னம், தரப்பட்டை, சீருடைக் கோட்டு இவற்றைச் சேர்த்துப் போடாதீர்கள். அரசு டார்ட்டனை எந்த ஸ்காட்டிஷ் குலத்தவரும், குலமே இல்லாதவரும் உடுத்தலாம்.

கில்ட்டோடு பழைய ஸ்போரன் பையும் (கில்ட்டின் முன்னால் தொங்கும் பை) சேர்த்துத் தருகிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் தம்பிக்கு அனுப்பலாமா?
(வாசகர், அபர்டீன்)

என்ன தோல் என்று பாருங்கள். குதிரை முடி என்றால் பிரச்சினை இருக்காது. சீல் தோல் என்றால் அனுப்பாதீர்கள். கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் 1972 முதல் அமெரிக்காவில் அதைத் தடுக்கிறது, சுங்கத்தில் பறிபோகும். தலையோடு இருக்கும் பேட்ஜர் தோல் ஸ்போரன் ஆர்கைல் ரெஜிமென்ட்டின் அதிகாரிகளும் சார்ஜன்ட்டுகளும் அணிந்தது, தனியாக நல்ல விலை போகும். அதைக் கில்ட்டோடு சேர்த்து மலிவாக விட்டுவிட வேண்டாம்.

கல்லூரி நாடகத்துக்கு நான்கு கில்ட் தேவை. லண்டனிலிருந்து பார்சலில் வரவழைக்கலாமா?
(வாசகர், சென்னை)

உடுத்திய துணி சுங்கத் தலைப்பு 6309இல் வருகிறது. அதன் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது, பார்சல் நடுவில் நிற்க வாய்ப்பு அதிகம். தவிர, 2 கிலோக் கம்பளியைச் சென்னை மேடை விளக்கில் இரண்டு மணி நேரம் உடுத்தினால் நடிகர் வசனத்தை மறந்துவிடுவார். 58 அங்குல அகலமுள்ள கட்டம்போட்ட சூட்டிங் துணி ஓர் ஆளுக்கு மூன்றரை மீட்டர் வாங்கி, நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து இணைத்தால் ஏழு மீட்டர் ஆகும். இரண்டு துண்டுக்கும் ஒரு பக்கம் கரை இருக்கும், அதைக் கீழே வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். மேலே மிஞ்சுவதை வெட்டிவிடலாம். கட்டம் இருபுறமும் ஒத்திருக்கும் துணியாகப் பார்த்து எடுங்கள், இல்லாவிட்டால் இணைப்பில் கோடுகள் தலைகீழாக வரும்.